இல்லாமையின் பயன்: சீன ஹாம்ஸ்டர் செல்லும் இன்றைய மருந்தும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்)



அவையில் தமிழ் இலக்கியம் படிப்போரும் வணிகவியல் படிப்போரும் இருப்பார்கள் என்று அழைத்தவர்கள் முன்னதாகவே எச்சரித்துவிட்டார்கள். ஆகவே கலைச்சொற்களைக் கூடியவரை குறைத்து, ஒரே ஒரு செல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டயாலிசிஸ் நோயாளிக்குப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசி, மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப், நிணநீர்ப் புற்றுக்கான ரிட்டுக்சிமாப், முடக்குவாதத்துக்கான அடலிமுமாப் ஆகியவற்றின் பெட்டிக்குள் பல மடிப்பாக ஒரு தாள் இருக்கும். அதில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும்: சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்லில் தயாரிக்கப்பட்டது. பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆய்வகங்களில் இதை ‘சோ’ செல் என்பார்கள். துக்ளக் வாசகர்கள் ஏமாற வேண்டாம், இவர் வேறு சோ.

உலகில் எத்தனையோ விலங்குகள் இருக்க, மருந்துத் தொழில் இந்தக் கொறி விலங்கின் செல்லை ஏன் பிடித்துக்கொண்டது? ஆராய்ந்து பார்த்து, ஆகச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்தச் செல்லிடம் என்னென்ன இல்லையோ, அந்த இல்லாமைகள் ஒவ்வொன்றாக ஆய்வாளர்களுக்குப் பிடிமானமாக அமைந்தன. அதுவே என் கருத்து. அதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே நீளத்தில் இரா.

1. குரோமோசோம் குறைவு

சீன ஹாம்ஸ்டர் வட சீனாவிலும் மங்கோலியாவிலும் வாழ்வது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1919-ல் பீக்கிங்கில் சியே என்ற ஆய்வாளர் நிமோனியாக் கிருமியை வகை பிரிப்பதற்குச் சுண்டெலிக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தினார். பிறகு காலா அசார் ஆய்வுக்கும் இது உதவியது. ஆனால் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய மறுக்கும் விலங்கு இது. ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால் சண்டைதான். தேவைப்படும்போதெல்லாம் வயலில் பிடித்துவர வேண்டியிருந்தது.

1948-ன் இறுதியில் சீனாவில் உள்நாட்டுப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹூ என்ற நோய்க்கூறியல் அறிஞர் 10 ஆண், 10 பெண் ஹாம்ஸ்டர்களைப் பெட்டியில் அடைத்துக் கொடுக்க, ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் ராபர்ட் வாட்சன் அவற்றை நான்கிங்கிலிருந்து ஷாங்காய்க்குக் கொண்டுபோய், விமானத்தில் அமெரிக்கா சேர்த்தார். அங்கே விக்டர் ஷ்வென்ட்கர் என்ற விலங்கு வளர்ப்பாளர் அவற்றைக் கூண்டில் பெருக்கும் வழியைக் கண்டுபிடித்தார். சீனாவில் தங்கிவிட்ட ஹூ, அமெரிக்கரின் கிருமிப் போருக்குத் துணைபோனார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானார். இன்று பல்லாயிரம் கோடி டாலர் புரளும் தொழிலின் வரலாற்றில் அவருடைய பெயரை யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் இங்கே எடுத்தேன்.

பாஸ்டனில் ஜார்ஜ் எர்கானியன் இந்த விலங்கை மரபியலுக்குக் கொண்டுவந்தார். அவரைக் கவர்ந்தது இதன் குரோமோசோம் எண்ணிக்கை. மொத்தம் 22, அவையும் பெரியவை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய எளியவை. மனிதனுக்கு 46 என்பதே 1956-ல் ட்ஜியோ, லெவான் இருவரும் சொல்லித்தான் உறுதியாயிற்று. அதுவரை 48 என்று பாடநூல்களில் அச்சாகிக்கொண்டிருந்தது. எண்ணுவதற்கே தடுமாறிய காலத்தில் 22 என்பது பெரிய வரம். முதல் இல்லாமை இது.

2. புரோலின் செய்யத் தெரியாத செல்

கொலராடோ பல்கலைக்கழகத்தில் தியோடர் பக் என்பவருக்கு ஓர் ஆசை இருந்தது. பாக்டீரியாவைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு குடியிருப்பை வளர்த்து, அதில் மரபியல் செய்வது அன்று வழக்கமாகிவிட்டிருந்தது. பாலூட்டியின் செல்லிலும் அதையே செய்துவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. 1950களின் நடுவில் அவரும் ஃபிலிப் மார்கஸும் ஹீலா செல்லைக் கொண்டு அதைச் சாதித்தார்கள். ஆனால் ஹீலா புற்றுக் கட்டியிலிருந்து வந்த செல். அதன் குரோமோசோம்கள் கணக்கற்றுக் குழம்பிக் கிடந்தன. ஒழுங்கான செல் ஒன்று வேண்டியிருந்தது. 1957-ல் எர்கானியனிடமிருந்து ஒரு பெண் ஹாம்ஸ்டரைப் பெற்றார் பக். அதன் சினைப்பையிலிருந்து எடுத்த துணுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. சினைப்பைதான் வேண்டும் என்று தேடிப் போனதாக எண்ணாதீர்கள். பல உறுப்புகளின் திசுக்களை வளர்த்துப் பார்த்தவர்கள் அவர்கள். இந்தத் துணுக்கிலிருந்து வந்த செல்கள் எந்த வைரஸின், வேதிப்பொருளின் தூண்டுதலும் இல்லாமல் தாமாகவே சாவை மறந்து பிரிந்துகொண்டே இருந்தன. 1958-ல் அது அச்சில் வந்தது.

இந்தச் செல்லுக்குப் புரோலின் என்ற அமினோ அமிலத்தைச் செய்துகொள்ளத் தெரியவில்லை. வெளியிலிருந்து கொடுத்தால் வளரும், நிறுத்தினால் நின்றுவிடும். இதைக் குறையென்று ஒதுக்காமல் அடையாளக் குறியாக எடுத்துக்கொண்டார் பக். இதுபோல இன்னும் பல குறைகளை நாமே உண்டாக்கிப் பார்க்கலாமே என்று அவரும் கா என்ற சக ஆய்வாளரும் 1967-68-ல் ஒரு வழி வகுத்தார்கள். சத்துக் குறைந்த ஊடகத்தில் செல்களை வைப்பார்கள். அந்தப் பற்றாக்குறையிலும் வளர்கிற செல், தன் டிஎன்ஏவுக்குள் புரோமோடிஆக்சியூரிடின் என்ற பொருளை இழுத்துக்கொள்ளும். பிறகு ஒளியைப் பாய்ச்சினால் அந்தச் செல் சாகும். வளர முடியாமல் சுருண்டு கிடந்த ஊனமுள்ள செல் மட்டும் பிழைக்கும். அதை எடுத்துச் சத்தூட்டி வளர்த்து, அதற்கு எது இல்லை என்று தேடுவார்கள். நலமானவற்றைச் சாகடித்து நலிந்தவற்றைக் காப்பாற்றும் சோதனை! நான் மாணவனாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு, எழுதியவர் தலைகீழாக எழுதிவிட்டார் என்றே நினைத்தேன்.

இந்த வழியில் கிடைத்த ஊனமுள்ள செல்களோடு மனிதச் செல்லை இணைத்து, எந்த மனிதக் குரோமோசோம் தங்கினால் குறை தீர்கிறது என்று பார்த்தே பல மரபணுக்களின் இருப்பிடத்தைக் கண்டார்கள். கதிர்வீச்சைத் தாங்காத சோ செல்கள், டிஎன்ஏ பழுதுபார்க்கும் மனித மரபணுக்களைப் பிடிக்க உதவின. லாரி தாம்சன் லிவர்மோர் ஆய்வகத்தில் செய்த பணி அது. எக்ஸ்ஆர்சிசி1 என்ற மரபணு அப்படிக் கிடைத்ததே. மருந்துத் தொழில் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே சோ செல் ஆய்வகங்களில் இருபது ஆண்டு உழைத்திருந்தது.

3. ஒரு நொதி இல்லாமல் போனபோது

இனி நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம்.

டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்பது எல்லாச் செல்லுக்கும் வேண்டிய நொதி. இது இல்லையென்றால் டிஎன்ஏவுக்கான மூலப்பொருளைச் செல் தானே தயாரிக்க முடியாது. 1980-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெய்ல் அர்லாப், லாரன்ஸ் சேசின் இருவரும் இந்த நொதி அறவே இல்லாத சோ செல்லை உருவாக்கினார்கள். சேசினுக்கு மருந்து செய்யும் எண்ணமே கிடையாது. பாலூட்டிச் செல்லின் மரபணுவில் திடீர்மாற்றம் எப்படி நிகழ்கிறது என்று பார்க்க வசதியான ஒரு மரபணு அவருக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஊனமே தொழிலின் வாசலாயிற்று. எப்படி என்று சொல்கிறேன். நமக்கு வேண்டிய மனிதப் புரதத்தின் மரபணுவையும் இந்த நொதியின் மரபணுவையும் சேர்த்துச் செல்லுக்குள் விடுகிறோம். இரண்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல. பெரும்பாலும் ஒன்றாகவே போய் ஒட்டும். மூலப்பொருள் சேர்க்காத ஊடகத்தில் வளர்த்தால் நொதி கிடைத்த செல் மட்டுமே பிழைக்கும், கூடவே நம் புரதமும் அதில் இருக்கும். இதோடு நிற்கவில்லை. இந்த நொதியை முடக்கும் மருந்து ஒன்று உண்டு, மெத்தோட்ரெக்சேட். அதைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், பிழைக்க வேண்டி அந்த நொதியின் மரபணுவைச் செல் பல நூறு மடங்காகப் பெருக்கிக்கொள்ளும். மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பழகிய செல்களில் மரபணு இப்படிப் பெருகுவதை 1978-ல் ஸ்டான்ஃபோர்டின் ராபர்ட் ஷிம்கே காட்டியிருந்தார். பக்கத்தில் பூட்டியிருக்கும் நம் மரபணுவும் கூடவே பெருகும் என்பதை 1982-ல் காஃப்மன், ஷார்ப் இருவரும் சோ செல்லில் காட்டினார்கள்.

மெத்தோட்ரெக்சேட் வந்த வழியும் சென்னையில் பேசும்போது சொல்லத் தக்கதே. லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு உருவாக்கிய ஃபோலிக் அமில எதிர்மருந்துகளில் இது ஒன்று. பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் நம் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு 1923-ல் பாஸ்டன் போனார். 1948-ல் இறந்தார். வாட்சனின் பெட்டி சீனாவை விட்டுக் கிளம்பியதும் அதே ஆண்டுதான். இரத்தப் புற்றுக்கென்று பிறந்த மருந்து முப்பது ஆண்டு கழித்துப் புரதத் தொழிற்சாலையின் நெம்புகோல் ஆகும் என்று யார் கண்டார்கள்?

முதலில் இந்த வாசல் வழியாக வந்தது டிபிஏ என்ற, இரத்தக் கட்டியைக் கரைக்கும் புரதம். ஜெனன்டெக் நிறுவனத்தில் டயான் பெனிக்கா குழுவினர் 1983-ல் அதன் மரபணுவை எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவில் இயக்கிக் காட்டினார்கள். இன்சுலின் 1982-லேயே ஈ.கோலையில் தயாராகிச் சந்தைக்கு வந்துவிட்டதால் இதுவும் வரும் என்றே நம்பிக்கை இருந்தது. ஆனால் இன்சுலினில் இருப்பவை 51 அமினோ அமிலங்கள், மூன்று கந்தகப் பிணைப்புகள். டிபிஏவில் இருப்பவை 527 அமினோ அமிலங்கள், 17 பிணைப்புகள், போதாததற்குச் சர்க்கரைச் சங்கிலிகள். பாக்டீரியாவால் அதை ஒழுங்காக மடித்துத் தர முடியவில்லை. சோ செல் மடித்துத் தந்தது. 1987 நவம்பரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. மரபணு மாற்றிய பாலூட்டிச் செல்லில் விளைந்து ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே.

பணம் யாருக்குப் போயிற்று என்று வணிகவியல் மாணவர்கள் கேட்கலாம். அதே கொலம்பியாவில் ரிச்சர்ட் ஆக்சல் குழுவினர் இரண்டு மரபணுக்களைச் சேர்த்தே செல்லுக்குள் விடும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு அது பல நூறு மில்லியன் டாலர் ஈட்டித் தந்தது. ஆக்சல் பின்னர் 2004-ல் நோபல் பரிசு பெற்றது முற்றிலும் வேறொன்றுக்கு, மோப்பம் பற்றிய ஆய்வுக்கு.

4. சர்க்கரையில் சில எழுத்துகள் இல்லை

புரதம் என்பது அமினோ அமில மாலை என்று பள்ளியில் படித்தோம். நம் உடலில் உலவும் பல புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் கிளை கிளையாகத் தொங்கும். எரித்ரோபாய்ட்டினின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சர்க்கரையே. சங்கிலியின் நுனியில் சியாலிக் அமிலம் இல்லையென்றால் கல்லீரல் அதைப் பழுதென்று கண்டு, இரத்தத்திலிருந்து விரைவாக அகற்றிவிடும். ஊசி போட்டும் பயனிராது. ஈ.கோலையிடம் இந்த வேலையைக் கேட்கவே முடியாது.

முன்பு இத்தகைய புரதங்களை மனித உடலின் கழிவிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் எடுத்தார்கள். கோல்ட்வாசரும் மியாகேயும் 1977-ல் ஜப்பானிய இரத்தசோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டரைச் சுத்திகரித்துச் சில மில்லிகிராம் எரித்ரோபாய்ட்டின் எடுத்தார்கள். கருத்தரிப்புக்கான எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் இத்தாலியில் மாதவிடாய் நின்ற பெண்களின், குறிப்பாகக் கன்னியாஸ்திரிகளின் சிறுநீரிலிருந்து வந்தது. ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கான எட்டாம் காரணி தானம் பெற்ற இரத்தத்திலிருந்து வந்தது. 1980களில் அதன் வழியாக எச்.ஐ.வி. பரவி ஒரு தலைமுறையே அழிந்தது. இந்த மூன்றுக்கும் பிறகு சோ செல் மாற்றுத் தந்தது: எரித்ரோபாய்ட்டின் 1989-ல், எட்டாம் காரணி 1992-ல், எஃப்எஸ்ஹெச் 1995-ல்.

சோ செல் போடும் சர்க்கரை மனிதச் சர்க்கரைக்கு மிக நெருக்கம், ஆனால் அதுவே அல்ல. மனிதச் செல் சியாலிக் அமிலத்தை இரண்டு விதமாகப் பிணைக்கும். சோ ஒரு விதம் மட்டுமே அறியும். நோயாளிக்கு இதனால் தொல்லை இல்லை. தொல்லை வந்தது எரித்ரோபாய்ட்டின் போட்டுக்கொண்டு ஓடிய விளையாட்டு வீரர்களுக்கு! சர்க்கரை மாறுவதால் புரதத்தின் மின்னேற்றம் சற்று மாறும். அதைக் கொண்டு உடலில் ஊறியதா, ஊசியில் போட்டதா என்று சிறுநீரிலேயே பிரித்தறியும் சோதனையை 2000-ல் பிரான்சின் ஃபிரான்சுவாஸ் லாஸ்ன் வெளியிட்டார். கூடுதலாக இரண்டு சர்க்கரைச் சங்கிலி பூட்டிய டார்பெபோய்ட்டின் என்ற மருந்தோடு 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்காக ஓடிய பனிச்சறுக்கு வீரர் யோஹான் மூலெக் பிடிபட்டுத் தங்கத்தை இழந்தார். ஹாம்ஸ்டரின் கையெழுத்தை அழிக்க அவருக்கு வழியில்லை.

இதைவிட முக்கியமான இன்னோர் இல்லாமை உண்டு. ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை அமைப்பு எலி, மாடு, பன்றி எல்லாவற்றிடமும் உண்டு. மனித இனம் அதைச் செய்யும் நொதியைப் பரிணாமத்தில் தொலைத்துவிட்டது. சோ செல்லிலும் அது பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. குடல் புற்றுக்கான செட்டுக்சிமாப் எதிர்ப்பொருளைச் சுண்டெலிச் செல்லில் தயாரித்தார்கள். அமெரிக்காவின் டென்னசி, வட கரோலினா பகுதிகளில் முதல் ஊசியிலேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. மற்ற மாநிலங்களில் அத்தனை இல்லை. 2008-ல் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் காரணம் கண்டார்கள். அந்த நோயாளிகளின் இரத்தத்தில் ஆல்ஃபா-கேலுக்கு எதிரான ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள், மருந்து தருவதற்கு முன்பே இருந்தது. அப்பகுதியில் மிகுந்த ஒருவகை உண்ணியின் கடியே அதை உண்டாக்கியது என்பது பின்னர் தெளிவாயிற்று. மாட்டிறைச்சி உண்டு சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்துப் போனவர்களின் புதிரும் இதோடு அவிழ்ந்தது.

இல்லாமையின் பயன் தெரிந்தபின் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே புதிய இல்லாமைகளை உண்டாக்கத் தொடங்கினார்கள். ஃபியூகோஸ் என்ற சர்க்கரையை ஒட்டும் நொதியின் மரபணுவை ஜப்பானின் கியோவா ஹக்கோ ஆய்வாளர்கள் சோ செல்லிலிருந்து நீக்கினார்கள். அந்தச் செல்லில் விளையும் எதிர்ப்பொருளைக் கொல்லி செல்கள் பல மடங்கு இறுகப் பற்றும். அவ்வழியில் வந்த மொகமுலிசுமாப், ஒருவகை வைரஸால் வரும் இரத்தப் புற்றுக்கு 2012-ல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது.

5. வைரஸுக்கு இடமில்லை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதனைத் தாக்கும் பல வைரஸ்கள் சோ செல்லில் பெருகுவதில்லை. நுழைவதற்கு வேண்டிய ஏற்பிகள் பல அதனிடம் இல்லை. 1973-ல் லைடனில் பிறந்த ஹெக்293 என்ற மனிதச் செல் சர்க்கரையை அச்சு அசலாக மனித வகையில் போடும், ஆனால் மனித வைரஸுக்கும் அது சொந்த வீடு. இது காரணமாகவும் தொழில் ஹாம்ஸ்டரை விடவில்லை. முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடவும் கூடாது. 2009-ல் ஜென்சைம் நிறுவனத்தின் பாஸ்டன் ஆலையில் வெசிவைரஸ் 2117 சோ செல் கலன்களுக்குள் புகுந்தது. மனிதருக்கு அதனால் நோய் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆலையை மூடிக் கழுவ வேண்டியதாயிற்று. கோஷே, ஃபேப்ரி ஆகிய அரிய நோய்கள் உள்ளோர் மாதக்கணக்கில் மருந்தின்றித் தவித்தார்கள். உலகுக்கே ஒரே ஆலை என்று இருந்ததன் விலை அது.

6. ஒழுங்கு இல்லை

இதுவரை பயன்களைச் சொன்னேன். என் கருத்துக்குச் சிக்கல் தரும் இல்லாமை ஒன்று பாக்கி. பக் ஹாம்ஸ்டரைத் தேர்ந்ததே குரோமோசோம் ஒழுங்குக்காக. இன்று சோ செல்லிடம் அந்த ஒழுங்கு இல்லை. 1973-லேயே டீவன், பீட்டர்சன் இருவரும் சோ-கே1 என்ற கிளைவழியின் 21 குரோமோசோம்களில் 8 மட்டுமே மூல விலங்கின் வடிவில் இருப்பதைக் காட்டினார்கள். மற்றவை உடைந்தும் மாறி ஒட்டியும் கிடந்தன. ஒரே குடுவையில் உள்ள செல்களுக்குள்ளேயே எண்ணிக்கை மாறும். 2011-ல் சோ-கே1-இன் மரபுத்தொகுதி வெளியானபோது, இது சோவின் மரபுத்தொகுதி என்று சொல்வதைவிட, சோக்களில் ஒன்றின் மரபுத்தொகுதி என்று சொல்வதே சரியாக இருந்தது. சோ என்பது ஒரு செல் அல்ல, ஒத்த சாயலுள்ள ஒரு கூட்டம் என்று ஃபுளோரியன் வூர்ம் வாதிடுகிறார். நான் அவர் பக்கம்.

ஆனால் இந்த ஒழுங்கின்மை தரும் நெகிழ்வு இல்லையென்றால் மரபணுவைப் பல நூறு மடங்கு பெருக்கவே முடிந்திருக்காது. விலங்கின் உடலை ஒட்டியே வாழப் பிறந்த செல், சீரமில்லாத ஊடகத்தில் பத்தாயிரம் லிட்டர் கலனில் தனித்து மிதக்கப் பழகியிருக்காது. 1980களின் நடுவில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் தந்த செல் இன்று பல கிராம் தருகிறது. ஆனால் பெருக்கியது குறையவும் கூடும். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினால் சில செல் வழிகளில் தலைமுறைதோறும் விளைச்சல் சரியும். அதனால்தான் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே செல்லிலிருந்து வளர்த்த ஒரு வழியைத் தேர்ந்து, தாய் வங்கி, பணி வங்கி என்று இரு அடுக்காகத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கிறார்கள்.

அந்த வங்கிக் குப்பி நிறுவனத்தை விட்டு வெளியே வராது. 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ரிட்டுக்சிமாபின் நிகர்மருந்தை ரெடிடக்ஸ் என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டது. அசல் மருந்தின் காப்புரிமை விவரத்தை யாரும் படிக்கலாம், மரபணு வரிசை தெரியும். செல் மட்டும் கிடைக்காது. தானே மரபணுவை விட்டு, பல நூறு செல் வழிகளிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, அது போடும் சர்க்கரை அசலின் சர்க்கரைக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்று அளந்து அளந்து நெருங்க வேண்டும். பாராசிட்டமாலுக்கு மூலக்கூறு ஒன்றுதான், யார் செய்தாலும் அது அதுவே. எதிர்ப்பொருள் அப்படியில்லை. 2012-ல் இந்திய அரசு வெளியிட்ட நிகர் உயிரிமருந்து வழிகாட்டி இந்த ஒப்பீட்டைத்தான் விரிவாகக் கேட்டது. நிகர்மருந்தின் விலை சாதாரண மாத்திரையின் நகல் அளவுக்குச் சரியாததன் ஒரு காரணம் இங்கே இருக்கிறது. முழுக் காரணம் இதுதான் என்று நிறுவனங்கள் சொல்லும்போது நான் தலையாட்டுவதில்லை. விளைச்சல் நூறு மடங்கு கூடிய ஒரு பயிரின் விலை ஏன் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பது உயிரியல் மட்டும் விடை சொல்லும் கேள்வி அன்று. வணிகவியல் மாணவர்கள் அதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். தலைவர் கேள்விகளுக்கு அரைமணி நேரம் தந்திருக்கிறார், அதிலிருந்தே தொடங்கலாம்.